குற்றம் பற்றரியிலா, வயரிலா?



கனடாவில் பழைய பிக்கப் ஒன்றை நம்பி வேலைக்குப் போகிறவருக்கு, தை மாதக் குளிரில் அது ஸ்ராட் ஆகாத காலை பெரிய சோதனை. அன்றைய சம்பளம் போகும். பற்றரியாக இருக்கும், ஸ்ராட்டராக இருக்கும் என்று ஊகித்து மாற்றினால் மேலும் சில நூறு டொலர் போகும். வீதியில் கொட்டும் உப்பில் துருப்பிடித்த ஒரு வயர்தான் காரணம் என்று பிறகு தெரியவரும்.

ஆகவே, திறப்பைத் திருப்பும்போது முதலில் சத்தத்தைக் கவனியுங்கள்.

• "டக் டக் டக்" என்று விடாமல் அடித்தால்: பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் முனைகள் அழுக்காகவோ தளர்வாகவோ உள்ளன.
• ஒரே "டக்" கேட்டு அடங்கினால்: தடித்த வயர்கள், சொலினாய்ட், ஸ்ராட்டர். 1980களின் ஃபோர்ட் எஃப்-150 போன்றவற்றில் ஸ்ராட்டர் ரிலே தனியாக உள் மட்காட்டில் இருக்கும்; அதையும் பாருங்கள்.
• சத்தமே இல்லாவிட்டால்: பியூஸைப் பாருங்கள். ஓட்டோமற்றிக் என்றால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலில் முயலுங்கள். அதில் ஸ்ராட் ஆனால், கியர் நிலையைக் கவனிக்கும் சுவிச்சில்தான் கோளாறு.
• நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால்: பற்றரியை விடுங்கள்; பெற்றோலையும் ஸ்பார்க்கையும் தேடுங்கள்.

அடுத்தது மல்ரிமீற்றர். ஓய்வில் இருக்கும் பற்றரி 12.6 வோல்ற் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ற் அளவில் நிற்க வேண்டும். 13ஐத் தாண்டாவிட்டால் ஒல்ரனேற்றரையும் அதன் பெல்ற்றையும் பாருங்கள்.

பலர் செய்யாமல் விடும் சோதனை ஒன்று உண்டு. மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் முனையிலும், சிவப்பு முனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வையுங்கள். ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, பார்க்கிங் கியரில் ஒருவர் திறப்பைத் திருப்பட்டும். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில் தடை இருக்கிறது. வயரைக் கழற்றி, இரு முனைகளையும் கம்பிப் பிரஷால் பளபளக்கத் தேய்த்து இறுக்குங்கள். செலவு அநேகமாக ஒன்றுமில்லை.

கவனம்: கழற்றும்போது நெகற்றிவ் வயரை முதலில் கழற்றுங்கள், பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். பற்றரியருகே நெருப்பு ஆகாது. சார்ஜ் இறங்கிய பற்றரி கடுங்குளிரில் உறைந்துவிடும். உறைந்ததை ஜம்ப் பண்ணவோ சார்ஜ் பண்ணவோ வேண்டாம், வெடிக்கக்கூடும்.

எதையும் ஆராய்ந்து பார்த்து நல்லதைக் காத்துக்கொள்ளும்படி பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதினார். ஆராயாமல் குற்றம் சுமத்தும் பழக்கம் வாகனத்தில் பணத்தை வீணாக்கும். வீட்டிலும் சபையிலும் மனிதரையே காயப்படுத்தும்.

ஆராதனை முடிந்து யாருடைய வாகனமாவது ஸ்ராட் ஆகாமல் நின்றால், மீற்றரோடு போய் உதவுங்கள். அதுவும் ஊழியந்தான்.