கம்பைலருக்குப் போட்ட கடிவாளம்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 செப்டம்பரில் ஹெல்சிங்கியிலிருந்து வெளியிட்ட லினக்ஸ் 0.01-இல், கெர்னலை உருவாக்க ஜிசிசி கம்பைலருக்குக் கொடுத்த ஃப்ளாக்குகள் ஒரே வரியில் அடங்கிவிட்டன. எச்சரிக்கைகளைக் காட்ட ‘டபிள்யூ-ஆல்’, மேம்படுத்த ‘ஓ’, அப்புறம் ஸ்ட்ரெங்த்-ரெட்யூஸ், ஆமிட்-ஃப்ரேம்-பாயின்டர், கம்பைன்-ரெக்ஸ். கடைசி மூன்றும் வேகத்துக்காக. 386 சிப்பில் பொதுப் பயனுக்கு எட்டே ரெஜிஸ்டர்கள். அதில் ஒன்றை ஃப்ரேம் பாயின்டராக முடக்கிவைக்க யாருக்கு மனம் வரும்? கம்பைலர் தன் சாமர்த்தியத்தையெல்லாம் காட்டட்டும் என்று விட்டிருந்த காலம்.

இன்று இந்த ஃப்ளாக்குகள் இருக்கும் தலைமை மேக்ஃபைல் மட்டுமே ஏறக்குறைய இரண்டாயிரம் வரி. அதில் ‘செய்’ என்பதைவிட ‘செய்யாதே’ என்னும் ஃப்ளாக்குகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. இந்த மாற்றம் சீக்கிரமே தொடங்கிவிட்டது. 1999-இல் வந்த 2.2 கெர்னலின் இன்டெல் பகுதியில், முன்பு கேட்டு வாங்கிய அதே ஸ்ட்ரெங்த்-ரெட்யூஸுக்கு முன்னால் ‘நோ’ ஒட்டியிருந்தது. பழைய ஜிசிசி-யில் அந்த மேம்படுத்தலே பிழையோடு இருந்தது. அடுத்தது நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங். வெவ்வேறு வகைப் பாயின்டர்கள் நினைவகத்தின் ஒரே இடத்தைத் தொடாது என்று கம்பைலர் நம்பிக்கொள்ள சி மொழியின் தரநூல் இடம் தருகிறது. கெர்னலோ அன்றாடம் அப்படித்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. தரநூலை வைத்து வாதாடினால் கம்பைலர் கட்சிதான் ஜெயிக்கும். கெர்னல் எழுதுபவருக்கு வழக்கில் ஜெயிப்பதைவிட மெஷின் பூட் ஆவது முக்கியம்.

உண்மையில் உலுக்கிப் பார்த்தது 2009 ஜூலை. ‘டன்’ என்ற மெய்நிகர் நெட்வொர்க் டிரைவரில், ஒரு பாயின்டருக்குள் இருப்பதை முதலில் படித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அது எதையும் சுட்டாத, பூஜ்ய முகவரி கொண்ட நல் பாயின்டரா என்று சோதித்திருந்தார்கள். வரிசை தப்பு; எழுதியவர் தப்புதான். ஆனால் ஜிசிசி என்ன செய்தது? ‘ஏற்கெனவே படித்தாகிவிட்டது, ஆகவே இது நல்லாக இருக்க முடியாது, சோதனை வீண்’ என்று அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. சாதாரண நிரலாக இருந்தால் நல் பாயின்டரைத் தொட்ட இடத்திலேயே செத்திருக்கும். கெர்னலில் அந்த உத்தரவாதம் இல்லை: பூஜ்ய முகவரியில் தன் நினைவகப் பக்கத்தை முன்கூட்டியே மேப் செய்து வைக்க முடிந்தவன் உள்ளே நுழைந்துவிடலாம். பாதுகாப்பு ஆய்வாளர் பிராட் ஸ்பெங்லர் அதைச் செய்தே காட்டினார். மூல நிரலில் கண்ணுக்குத் தெரியும் ஒரு சோதனை, ஓடும் கெர்னலில் இல்லை! அதன்பின் நோ-டிலீட்-நல்-பாயின்டர்-செக்ஸ் கெர்னல் முழுவதற்கும் நிரந்தரமானது.

பிறகு வந்தவை வேகத்தைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தன. 2014-இல் 3.14 பதிப்பில், ஸ்டாக் நினைவகம் எல்லை மீறி எழுதப்பட்டதைக் கண்டுபிடிக்கும் ஸ்டாக்-புரொடெக்டர்-ஸ்ட்ராங். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற சிப் குறைபாடு வெளிவந்ததும், 4.15-இல் ரெட்போலின்: சிப் ஊகித்து முந்தி ஓடாதபடி, மறைமுகத் தாவல்களைச் சுற்றுவழியில் அனுப்பும்படி கம்பைலருக்கே கட்டளை.

‘ஓ3’ போட்டால் பறக்கும் என்று நம்பும் ஆர்வலர்கள் இன்றும் உண்டு, குறிப்பாக ஜென்டூ லினக்ஸ் வட்டாரத்தில். கெர்னல் ‘ஓ2’-வை விட்டு நகரவில்லை. சிஃப்ளாக்ஸ் மாறியில் அவர்கள் எழுதிவைப்பதை அது கண்டுகொள்வதுகூட இல்லை. சிஃப்ளாக்ஸ் அல்ல, கேசிஃப்ளாக்ஸ் என்று தனியாகச் சொன்னால்தான் காதில் விழும். அது நல்லதுதான்.

1991-இல் கம்பைலர் ஜிசிசி ஒன்றுதான். 2017-இல் கூகுளின் பிக்சல் 2 போன், க்ளாங் என்ற வேறொரு கம்பைலரில் கட்டிய கெர்னலோடு வந்தது. இப்போது பல ஃப்ளாக்குகளைச் சேர்க்கும் முன், ‘இது உனக்குத் தெரியுமா’ என்று மேக்ஃபைல் கம்பைலரிடமே கேட்டுக்கொள்கிறது. வேகத்தின் மீதான ஆசையும் போய்விடவில்லை. 2025 ஜனவரியில் வந்த 6.13, க்ளாங்கின் ஆட்டோஎஃப்டிஓ-வை ஏற்றது. இதற்குக் கெர்னலை நிஜமான வேலைப்பளுவில் ஓடவிட்டு, எந்தக் கிளை அடிக்கடி ஓடுகிறது என்று அளந்து, அந்தக் கணக்கைக் கம்பைலரிடம் கொடுத்து மறுபடி கட்ட வேண்டும்.