காயம் ஆற்றும் ஒளி

என் உம்மம்மாவுக்கு நீரிழிவு. அவரது காற்புண் மாதக்கணக்காக ஆறாதிருந்தபோது, "லேசர் பிடித்தால் சுகமாகுமாம்" என்றார் உறவினர் ஒருவர். அது உண்மைதானா எனத் தேடிப் பார்த்தேன்.

1960களில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் வைத்தியர் எண்ட்ரே மெஸ்டர், உரோமம் மழித்த சுண்டெலிகள் மீது வலுக்குறைந்த லேசர் ஒளியைப் பாய்ச்சினார். ஒளி பட்ட எலிகளில் உரோமம் விரைவாக வளர்ந்தது. பின்னர் நோயாளரின் நாட்பட்ட புண்களுக்கும் அதனைப் பயன்படுத்தினார்.

சத்திரசிகிச்சை லேசர் இழையத்தைச் சுட்டு வெட்டும். இது அப்படிச் சுடுவதில்லை. 600 முதல் 1000 நனோமீற்றர் வரையான அலைநீளமுள்ள ஒளியைக் கலத்தின் இழைமணியிலுள்ள சைற்றோகுரோம் ஒட்சிடேசு என்னும் நொதியம் உறிஞ்சுகிறது. அதனால் கலச்சுவாசம் தூண்டப்பட்டு ஏ.ரீ.பீ. கூடுகிறது என்பதே ஆய்வாளர் பலரின் விளக்கம். உயர்தர வகுப்பில் நாம் படிக்கும் அதே கலச்சுவாசம்தான்! ஆனால் ஒளி குறைந்தால் பயனில்லை. மிஞ்சினால் ஆறுவதே தடைப்படலாம்.

புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இம்முறை பரிந்துரைக்கப்படுகிறது. நீரிழிவுப் புண்ணுக்கோ சான்றுகள் இன்னும் போதாது. சீனி கட்டுப்படாமல், கிருமித்தொற்று நீங்காமல், இரத்தவோட்டம் சீராகாமல் ஒளி மட்டும் புண்ணை ஆற்றிவிடாது.

நாங்கள் உம்மம்மாவைக் கிளினிக்குக்கே கூட்டிச் சென்றோம். ஒழுங்காக மருந்து கட்டி, சீனியும் குறைந்த பின்னர் புண் ஆறியது. இப்போது ஒவ்வோர் இரவும் அவரது பாதங்களைப் பார்ப்பது என் பொறுப்பு. உங்கள் வீட்டிலும் நீரிழிவு உள்ளவர் இருந்தால், இன்றிரவே அவரது பாதங்களைப் பாருங்கள்.