அயலில் ஒரு தீயணைப்பு நிலையம்

யேர்மனியின் சிற்றூர்களில் வாழும் எம்மவர் பலர், அகன்ற கதவுகள் கொண்ட அந்தக் கட்டடத்தை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். அங்கே சம்பளம் பெறும் ஊழியர்கள் இருப்பதாகவே நாமும் எண்ணியிருந்தோம். பொதுமக்கள் பார்வைக்காக நிலையம் திறக்கப்பட்ட நாளொன்றில் உள்ளே சென்றபோதே உண்மை புலப்பட்டது. முழுநேரத் தீயணைப்புப் படைகள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே உள்ளன. ஏனைய ஊர்களைக் காப்போர் தொண்டர்களே. நாடு முழுவதும் இவர்களின் தொகை ஏறத்தாழ 10 இலட்சம். எமக்குப் பாண் விற்பவரும் அவர்களுள் ஒருவர்.

நுழைந்ததும் கண்ணிற் படுபவை, வரிசையான கொளுவிகளில் தொங்கும் தடித்த மேலங்கிகளும் தலைக்கவசங்களும். இடுப்பிலுள்ள அழைப்புக் கருவி ஒலித்ததும், செய்த வேலையை விட்டு ஓடிவருவோர் நொடிப்பொழுதில் அணிவதற்காக அவை ஆயத்தமாக உள்ளன.

பிரதான ஊர்தியில் ஒன்பது பேர் அமரலாம். அதன் தாங்கி 2000 லீற்றர் நீர் கொள்ளும். நீரிறைக்கும் இயந்திரமோ நிமிடத்துக்கு 2000 லீற்றர் இறைக்க வல்லது. முழு வேகத்தில் இயக்கினால் ஒரே நிமிடத்தில் தாங்கி வெறுமையாகிவிடும். ஆதலால் வீதியோர நீர்க்குழாயுடன் விரைந்து இணைப்பதற்கான நீண்ட குழாய்கள் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. முதுகிற் சுமக்கும் காற்றுச் சிலிண்டர் ஏறத்தாழ அரைமணி நேரமே தாங்கும். புகைக்குள் எவரும் தனித்துச் செல்வதில்லை; இருவராகவே செல்வர். அவர்களை மீட்பதற்கு வேறு இருவர் வெளியே காத்து நிற்பர்.

இத்தனை கருவிகளும் நாம் அழைத்தாலன்றிப் பயன்படா. மொழி தெரியாது, பணம் கேட்பார்கள் என்று தயங்குவோர் எம்மிடையே உளர். 112 என்ற இலக்கத்துக்கான அழைப்பு இலவசம். வேண்டுமென்றோ பாரிய கவனயீனத்தாலோ மூட்டப்பட்டதாயினன்றி, தீயை அணைப்பதற்குப் பொதுவாகக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. முகவரியையும் தீ என்பதையும் யேர்மன் மொழியிற் சொல்ல வீட்டிலுள்ள முதியோரும் பழகியிருத்தல் வேண்டும்.

இன்னொன்று. தாளிக்கும்போது அலறுகிறதென்று புகை அறிவிப்பானைக் கழற்றி அலுமாரியில் வைக்கும் வழக்கம் எம் வீடுகளில் உண்டு. தீயில் இறப்போரிற் பெரும்பாலோரைக் கொல்வது சுவாலையன்று, புகையே. உறங்குபவரை எழுப்ப அக்கருவியன்றி வேறெதுவுமில்லை. தாச்சியில் எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றலாகாது. மூடியால் மூடி அடுப்பை அணைத்தல் வேண்டும்.

பல ஊர்களில் 10 வயது முதல் சிறுவர்கள் இளையோர் தீயணைப்புப் படையிற் சேரலாம். எம் ஊர்களில் தீ மூண்டால் குடத்துடன் ஓடிவந்தோர் அயலவர்களே. இங்கும் ஓடிவருவோர் அயலவர்களே. அவர்களோடு எம் பிள்ளைகளும் ஓடட்டும்.