சோதனையில் தேறிய கருவி வானில் ஏன் தவறுகிறது?

2008 பிப்ரவரி 23. பசிபிக் தீவான குவாமில் அமெரிக்க விமானப்படையின் பி-2 குண்டுவீச்சு விமானம் ஒன்று ஓடுபாதையை விட்டு எழும்பியதுமே மூக்கைத் திடீரென்று மேலே தூக்கியது. வேகம் இழந்தது, இடது இறக்கை தரையில் உரசியது, விழுந்து எரிந்தது. விமானிகள் இருவரும் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு உயிர் தப்பினார்கள். போனது சுமார் 140 கோடி டாலர்.

காரணம் ஈரம். காற்றழுத்தத்தை அளக்கும் 24 சென்சார்களில் மூன்றில் ஈரம் புகுந்திருந்தது. அது தெரியாமல், தவறிய அளவைச் சரிக்கட்டித் திருத்தம் செய்துவிட்டார்கள். புறப்படும் முன் சென்சார் பகுதியைச் சூடேற்றியதும் ஈரம் ஆவியாகிவிட்டது. செய்த திருத்தம் மட்டும் அப்படியே நின்றது. கணினி வேகத்தையும் மூக்கின் கோணத்தையும் தப்பாகக் கணக்கிட்டது. முதலில் சூடேற்றி, பிறகு திருத்தினால் போதும் என்பது முன்பு குவாமில் பணியாற்றிய சிலருக்குத் தெரியும். ஆனால் அது கையேட்டில் ஏறவில்லை.

சோதனைக் கூடத்தில் வெப்பம் ஒரு நாள், அதிர்வு ஒரு நாள், ஈரப்பதம் ஒரு நாள் என்று தனித்தனியாகப் பார்ப்பதே பழைய வழக்கம். விமானத்தில் எல்லாம் ஒன்றாக வருகின்றன. உறையும் குளிரில் பறந்துவிட்டுப் புழுக்கமான கடலோரத்தில் இறங்கும்போது குளிர்ந்த மின்னணுப் பெட்டிக்குள் நீர் முத்துமுத்தாகக் கோக்கிறது. இணைப்பு முனைகள் அரிக்கப்படுகின்றன. மாறிமாறிச் சூடாகிக் குளிர்வதால் சால்டரிங் செய்த இடங்கள் விரிசல் விடுகின்றன.

வியட்நாம் போரில் சோதனைக்கும் களத்துக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு விலை கொடுத்தவர்கள் அமெரிக்க விமானிகள். உயரத்தில் நேராகப் பறக்கும் குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்த உருவான ஸ்பேரோ ஏவுகணை, அங்கே சட்டென்று திரும்பும் வட வியட்நாமின் மிக் போர் விமானங்களைத் துரத்த வேண்டியிருந்தது. உள்ளே இருந்தவை வால்வு ரேடியோ காலத்து வெற்றிடக் குழாய்கள். கப்பல் தளத்தில் விமானம் மோதி இறங்கும் ஒவ்வொரு தடவையும், ஏவுகணையைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் அவை குலுங்கின. 1965 முதல் 1968 வரை ஏவியவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் இலக்கை வீழ்த்தியது. அமெரிக்கக் கடற்படை கேப்டன் ஃபிராங்க் ஆல்ட் தலைமையில் விசாரித்து அறிக்கை தந்தார்கள். தயாரிப்பு, சேமிப்பு, பராமரிப்பு, விமானிகளின் பயிற்சி என எல்லாக் கட்டத்திலும் குறை இருந்தது. 1969இல் கடற்படைப் போர் விமானிகளுக்கான 'டாப் கன்' பயிற்சி தொடங்கியது அந்த அறிக்கையால்தான்.

பழுதுகளைக் கணக்கு வைக்கும் முறையிலும் கோளாறு உண்டு. சோதனையில் ஒரு கருவி நின்றால், 'இயக்கியவர் தவறு', 'பக்கத்துக் கருவியின் பழுது' என்று சிலவற்றைத் தள்ளிவிட்டே சராசரி ஆயுளைச் சொல்வார்கள். களத்தில் மெக்கானிக்குக்குக் கழற்றிய ஒவ்வொரு பெட்டியும் வேலைதான். பணிமனை மேசையில் அந்தப் பெட்டி ஒழுங்காக ஓடும், ஏனென்றால் அங்கே குளிரும் இல்லை, அதிர்வும் இல்லை. 'பழுது எதுவும் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த பறப்பில் மறுபடியும் நின்றுவிடும்.

வாங்கும் அரசுகள் தயாரிப்பாளரின் சோதனைச் சான்றிதழோடு திருப்தி அடையக் கூடாது. படைத்தளத்து மெக்கானிக்கின் பழுதுப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் படித்துவிட்டே அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.