நெய்வேலியைக் கண்ணால மட்டும் பார்த்தா போதுமா?

ஒரு ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வந்தா ஃபோன்ல நூறு படம் மிஞ்சும். ஆனா மனசுல என்ன தங்கும்ங்கிறதைக் கண்ணு மட்டும் முடிவு பண்றதில்ல. சுற்றுலாத் தொழில் நடத்துறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். இங்கிலாந்துல, யார்க் நகரத்துல 1984ல யோர்விக் வைக்கிங் மையம் திறந்தாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின தெருவை மறுபடி கட்டி, மீன் வாடையில இருந்து கழிப்பறை நாத்தம் வரைக்கும் செயற்கையா பரப்புனாங்க. பல வருஷத்துக்கு முன்னாடி அங்க போய் வந்தவங்களை அதே வாசனைகளை முகர வச்சுக் கேட்டப்ப, பார்த்த விவரங்கள் கூடுதலா ஞாபகம் வந்துச்சுன்னு 1999ல ஒரு ஆய்வு சொல்லுச்சு.

இப்ப நெய்வேலிக்கு வருவோம். 1957ல வெட்ட ஆரம்பிச்ச பழுப்பு நிலக்கரிச் சுரங்கம், புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட கூட்டுல இன்னைக்கு சுற்றுலாத் தலமாவும் ஆகியிருக்கு. ஜெர்மனியில லிக்டர்ஃபெல்ட்ங்கிற ஊர்லயும் பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துல இருந்த எஃப்60ங்கிற ராட்சச இயந்திரத்து மேல ஜனங்களை ஏத்திக் காட்டுறாங்க. அதோட நீளம் 502 மீட்டர். அது ஓட்டம் நின்னுபோன இயந்திரம். அதனால ராத்திரியில ஒளியையும் ஒலியையும் தனியா சேர்க்குறாங்க. நெய்வேலிக்கு அந்தச் செலவே வேண்டாம். பக்கெட் வீல் இயந்திரம் மண்ணை அறுக்குற இரைச்சலும், கன்வேயர் ஓடுற சத்தமும் நிஜமாவே இருக்கு. கூடவே, ஒரு துண்டு நிலக்கரியைக் கையில குடுத்தா போதும். பழுப்பா இருக்கும், சில துண்டுல மரத்தோட ரேகை கூடத் தெரியும். எடையில ஏறக்குறைய பாதி தண்ணி. காயக் காய வெடிச்சு உதிரும். இவ்வளவு தண்ணியைச் சுமந்து தூரம் கொண்டுபோனா கட்டுப்படியாகாது. அனல்மின் நிலையம் ஏன் சுரங்கத்துக்குப் பக்கத்துலயே நிக்குதுன்னு உங்க உள்ளங்கையே சொல்லிடும்.

“புலன்களை வச்சு மயக்குறது ஏமாத்து வேலை இல்லையா?”ன்னு கேக்கலாம். கோயில்ல கற்பூரமும் மணியும் கூட அந்த வேலையைத்தானே செய்யுது? தூண்டுறதுல தப்பு இல்ல. ஒரு புலனைத் திறந்து இன்னொண்ணை அடைக்கிறதுலதான் தப்பு. “சுரங்கத் தூசிக்குள்ள விருந்தாளியை விட முடியுமா?”ங்கிறதும் நியாயமான கேள்விதான். தூசியை சுவாசிக்க வைக்க வேண்டாம். அப்படி ஒண்ணு இருக்குன்னு சொல்லலாம். தோண்டின சுரங்கத்தை மண் கொட்டி மூடின இடத்துல வளர்ந்த மரமும் ஏரியும் பொய் இல்ல. ஆனா 2023 ஜூலையில பக்கத்து வளையமாதேவி கிராமத்துல, சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்டுறப்ப வளர்ந்து நின்ன நெற்பயிர் மேல இயந்திரம் ஏறினதும் பொய் இல்ல. நிலத்தை முன்னாடியே கையகப்படுத்திட்டோம்னு சுரங்க நிறுவனம் சொன்ன பதிலையும் சேர்த்தே சுற்றிக் காட்டுறவங்க சொல்லட்டும். கேக்குறவங்க முடிவு பண்ணிக்குவாங்க.

அடுத்த தடவை எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தாலும், என்ன காட்டுனாங்கன்னு பார்க்குறதோட நிக்காதீங்க. எதைக் கேக்க விடல, எதைத் தொட விடல, அதையும் கேட்டுட்டு வாங்க.