நெட் எங்கே போகிறது?

ஒரே இணைய இணைப்பில் யார், எந்தக் கருவி, எந்தச் செயலி எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் பார்ப்பதும், அளவுக்கு மீறி இழுப்பதற்கு வரம்பு போடுவதும் முன்பு அலுவலகக் கணினி அறைகளின் வேலையாக இருந்தன. இப்போது அது ஆட்டையாம்பட்டி போன்ற ஊர்களின் வீடுகளுக்கும் வந்துவிட்டது. கை முறுக்கு சுற்றி விற்கும் குடும்பத்தில் ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது, பணம் யுபிஐயில் ஏறுகிறது. கல்லூரிப் பிள்ளை ஆன்லைன் வகுப்பில் இருக்க, கூடத்தில் டிவி யூடியூபை ஓட்டுகிறது. எல்லாவற்றுக்கும் கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த ஒற்றை ஃபைபர்தான்.

இந்தியாவில் பிராட்பேண்ட் என்ற பெயருக்கு 2004-இல் நொடிக்கு 256 கிலோபிட் போதுமானதாக இருந்தது. 2013-இல் அது 512 ஆனது, 2023-இல் 2 மெகாபிட் ஆனது. பிஎஸ்என்எல் இணைப்பில் மாத அளவு முடிந்துவிடுமே என்ற பயத்தில், பின்னிரவு 2 மணி முதல் 8 மணி வரையிலான இலவச நேரத்துக்குக் காத்திருந்து படம் இறக்கியவர்கள் உண்டு. டியூ மீட்டர், நெட்வொர்க்ஸ் போன்ற சிறு மென்பொருள்கள் அந்தக் காலத்தில் கணினித் திரையின் மூலையில் எண்ணிக்கொண்டே இருந்தன. இன்று பெரிய நிறுவனங்களின் ‘அன்லிமிடெட்’ ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் வரம்பு மாதம் 3,300 ஜிபி. வீட்டு உபயோகத்தில் அதைத் தொடுவது கடினம். மாதக் கணக்கு இடிப்பதில்லை, ஒரே நேரத்தில் எல்லாரும் இழுப்பதுதான் இடிக்கிறது.

முதலில் அலகு. திட்டத்தில் வேகம் 40 என்று சொன்னால் அது நொடிக்கு 40 மெகாபிட், இறங்கும் கோப்பின் அளவு மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 40 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 5 மெகாபைட்தான் வரும். ஒரு ஜிபி படம் இறங்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். இது தெரியாமல் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்குப் போவது வீண்.

ஒரே கணினியைக் கண்காணிக்கத் தனி மென்பொருள் தேவையில்லை. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரிலும் ரிசோர்ஸ் மானிட்டரிலும் எந்தச் செயலி எவ்வளவு இழுக்கிறது என்பது உடனுக்குடன் தெரியும். நெட்வொர்க் செட்டிங்ஸில் ‘மீட்டர்டு’ என்று குறித்தால் பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் காத்திருக்கும். விண்டோஸ், தான் இறக்கிய அப்டேட்டைப் பிற கணினிகளுக்கு அனுப்பும் வசதியும் வைத்திருக்கிறது. அதை நிறுத்தலாம், சதவீதக் கணக்கில் வரம்பும் போடலாம். நாள்வாரிக் கணக்கைப் படமாகப் பார்க்க கிளாஸ்வயர் உண்டு. செயலிவாரியாக வேக வரம்பு போட, காசு கொடுத்து வாங்கும் நெட்லிமிட்டர் உண்டு. லினக்ஸில் நெட்ஹாக்ஸ் காட்டும், டீசி கட்டுப்படுத்தும், இரண்டும் இலவசம். ஆண்ட்ராய்டு செல்போனில் 2016 முதல் ‘டேட்டா சேவர்’ உள்ளேயே இருக்கிறது. அதைப் போட்டால் பின்னணியில் ஓடும் செயலிகள் மொபைல் டேட்டாவைத் தொடுவது பெருமளவு குறையும்.

ஆனால் ஒரு கணினியில் போட்ட மென்பொருளுக்கு அந்தக் கணினி மட்டுமே தெரியும். டிவி இழுப்பதை அது பார்க்காது, நிறுத்தவும் முடியாது. எல்லாருடைய போக்குவரத்தும் கடந்து போகும் இடம் ரௌட்டர். வீடு முழுவதற்கும் வரம்பு போட வேண்டுமானால் அங்கேதான் போட வேண்டும். மென்பொருள் தேடுபவர்கள் மிக எளிதாகக் கோட்டைவிடும் இடமும் இதுதான்.

ஆன்லைன் வகுப்பு உறைந்து நிற்பதற்குக் காரணம் பல நேரம் டிவி அல்ல. கல்யாண வீட்டில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை யாரோ ஒருவரின் செல்போன் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். ஏற்றும் வேகம் குறைவாகத் தரப்படும் இணைப்புகளில் அந்தப் பாதை நிரம்பியதும், ‘வந்து சேர்ந்தது’ என்று திரும்பிப் போக வேண்டிய சிறு பதில்களும் ரௌட்டரின் வரிசையில் மாட்டிக்கொள்ளும். மாவு மில்லில் பத்து மூட்டைக்காரருக்குப் பின்னால் ஒரு படி அரிசியோடு நிற்பவரின் நிலைமைதான். இந்த நெரிசலுக்கு 2010 வாக்கில் கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ் வைத்த பெயர் ‘பஃபர்ப்ளோட்’. வரிசையை நீளவிடாமல் நியாயமாகப் பிரித்துக் கொடுக்கும் முறைகளான எஃப்க்யூ-கோடெல், கேக் இரண்டும் ஓப்பன்டபிள்யுஆர்டி மென்பொருள் ஏற்றிய ரௌட்டர்களில் கிடைக்கின்றன. உண்மையில் அளந்த வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுத்தால் போதும். 40 கிடைத்தால் 36. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து எல்லாருக்கும் தடங்கலற்ற இணைப்பைப் பெறும் இந்த வழியே வீட்டுக்குப் பொருத்தமானது. சாதாரண ரௌட்டர்கள் பலவற்றில் ‘க்யூஓஎஸ்’ என்ற பெயரில் இதன் எளிய வடிவம் இருக்கும்.

வெளியிலிருந்து வருவதை வீட்டிலிருந்து எப்படிக் கட்டுப்படுத்த முடியும்? ரௌட்டர் சில பொட்டலங்களைத் தாமதப்படுத்தும் அல்லது தவறவிடும். அனுப்புகிற கணினி அதை உணர்ந்து தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இந்த ஒழுங்கு ஆதியில் இருந்ததில்லை. 1986 அக்டோபரில், ஏறக்குறைய 400 கஜ இடைவெளியில் இருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. அதற்குப் பின் அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் வகுத்த முறையும் அதன் வழிவந்தவையும்தான் இன்றைய இணையத்தைத் தாங்குகின்றன.

கல்லூரி, மில், மருத்துவமனை அளவில் மைக்ரோடிக் ரௌட்டரில் ஆளுக்கொரு ‘க்யூ’ போடுவது வழக்கம். கண்காணிக்க, சென்னையில் வளர்ந்த ஸோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்ஜின் நெட்ஃப்ளோ அனலைசர் உலகெங்கும் ஓடுகிறது. ரௌட்டர் அனுப்பும் போக்குவரத்துக் குறிப்புகளை வைத்தே அது கணக்குச் சொல்வதால், அத்தகைய குறிப்பை அனுப்பாத மலிவான வீட்டு ரௌட்டருக்கு அது உதவாது.

ரௌட்டரைத் தொடாமலே அடுத்தவர் நெட்டை வெட்டுவதாகச் சொல்லும் நெட்கட் போன்ற மென்பொருள்கள், தாமே ரௌட்டர் என்று மற்றக் கருவிகளை நம்பவைத்து வேலை செய்பவை. அவற்றை விட்டுவிட வேண்டும். ரௌட்டர் பாஸ்வேர்டை அனுமதியில்லாமல் பயன்படுத்தும் பக்கத்து வீட்டாரைத் தவிர்க்க, பாஸ்வேர்டை மாற்றுவதே நேரான வழி.

கடைசியாக ஒரு சோதனை. எல்லாக் கருவிகளையும் துண்டித்துவிட்டு ஒரு கணினியை மட்டும் லேன் கேபிளில் இணைத்து, காலையிலும் இரவு ஒன்பது மணி வாக்கிலும் வேகத்தை அளக்க வேண்டும். காலையில் 40 வந்து இரவில் 8 வந்தால் நெரிசல் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. அதை எந்த மென்பொருளும் தீர்க்காது. அளந்த நேரத்தையும் எண்ணையும் குறித்துவைத்துக் கேபிள்காரரிடம் காட்ட வேண்டும்.