அக்காவின் வயிற்றில் இருந்த துணி

"ஒப்பரேசன் செய்த இடம் கொஞ்ச நாளைக்கு நோகத்தான் செய்யும், பயப்பிடாதையுங்கோ அம்மா."

2019ஆம் ஆண்டு பெப்ரவரியில் என் அக்காவுக்கு இந்த வசனம் மூன்று தடவை சொல்லப்பட்டது. முதலில் விடுதியில், பிறகு துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, மூன்றாவது தடவை கிளினிக்கில். நான்காவது தடவை அதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை. அன்று அக்கா காய்ச்சலில் பிதற்றத் தொடங்கியிருந்தாள்.

அக்காவின் வயிற்றுக் காயம் 2009ஆம் ஆண்டுக்குரியது. ஏப்ரல் மாதம் மாத்தளனில் ஷெல் துண்டு பட்டது. அந்த வருடம் பெப்ரவரி தொடக்கம் மே 9ஆம் திகதி வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு காயப்பட்டவர்களும் கூடப்போனவர்களுமாக ஏறக்குறைய 14,000 பேரைக் கடல்வழியாக ஏற்றியது. அவர்களுள் அக்காவும் ஒருத்தி. புல்மோட்டையில் கூடாரத்துக்குள் செய்த சத்திரசிகிச்சைதான் அவளைக் காப்பாற்றியது. அதற்கு முன், மருந்தும் மின்சாரமும் இல்லாமல் வன்னியில் நின்று வேலை செய்த வைத்தியர்களையும் நான் மறக்கவில்லை. வைத்தியர்களைத் திட்டித் தீர்ப்பதற்காக நான் இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் சத்திரசிகிச்சை என்பது கத்தியோடு முடிகிற காரியமல்ல. அதற்குப் பின் மருந்து கட்ட வேண்டும், காய்ச்சல் பார்க்க வேண்டும், திரும்பவும் காட்ட வேண்டும். முகாமுக்கு வந்த பிறகு அக்காவுக்கு இவை ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 2009 டிசெம்பர் வரை முகாமை விட்டுச் சுதந்திரமாக வெளியே போகவும் முடியாது. காயம் ஒருவாறு மூடியது, தசை மூடவில்லை. பத்து வருடத்தில் அந்தத் தழும்பின் வழியே குடல் பிதுங்கத் தொடங்கியது. அதைத் தைக்கத்தான் 2019இல் அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் அனுமதித்தோம்.

அன்றிரவு விடுதியில் இரண்டு தாதியர்தான். கட்டில்களுக்குக் கீழே பாய் விரித்தும் நோயாளிகள் படுத்திருந்தார்கள். அக்கா குளிருது என்றாள். நான் மிஸ்ஸியிடம் போய்ச் சொன்னேன். "டொக்டர் வரேக்க சொல்லுங்கோ" என்றார். டொக்டர் வந்தபோது என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவர் பேசியது சிங்களம். அக்கா தலையாட்டினாள், ஏனென்றால் அது அவளுக்குப் பழக்கம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஏப்ரலில் வேறொரு வைத்தியசாலையில் மீண்டும் வயிற்றைத் திறந்தபோது கையகலத்தில் ஒரு துணி வந்தது. இரத்தம் ஒற்றும் கோஸ் துணி. சீழில் ஊறிக் கிடந்ததாம். இதை என்னிடம் மெல்லச் சொன்னவர் ஒரு இளம் வைத்தியர். ஆனால் வீட்டுக்குப் போகும்போது தந்த நோய் நிர்ணய அட்டையில் "காயத்தில் கிருமித்தொற்று" என்று மட்டுமே இருந்தது. துணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அக்கா அதை விட்டுவிடச் சொன்னாள். "உயிரோட இருக்கிறன் தானே, பிள்ளை. ஆஸ்பத்திரியோட கொழுவினால் நாளைக்கு ஆர் எங்களைப் பாப்பினம்?" இந்தக் கேள்வியை நமது சங்கத்துக்கு வரும் எத்தனையோ பெண்களும் கேட்டிருக்கிறார்கள். நான் விடவில்லை. அக்கா தையல் மெசினில் இருந்து உழைத்தவள். அந்த ஏப்ரலுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம்கூடக் குனிந்திருக்க அவளால் முடியவில்லை.

சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். பணம் இல்லாதவர்களுக்காக 1978இன் சட்டத்தால் அமைக்கப்பட்டது அது. பல ஊர்களில் அதன் அலுவலகம் நீதிமன்ற வளவுக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்த சட்டத்தரணி, ஒரு பெண், என் கதையைக் கேட்க முதல் ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தினையாம் திகதி ஒப்பரேசன்?"

நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அரசுக்கு எதிராக என்றால் ஒரு மாதம் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தலும் கொடுக்க வேண்டும். அதனால் கையில் இருப்பது உண்மையில் இருபத்துமூன்று மாதம். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. எங்களுக்கு அந்த ஒரு மாதம் போய்விட்டது. அக்கா அப்போது கட்டிலில் கிடந்தாள்.

2009ஆம் ஆண்டின் கவனிப்பைப் பற்றியும் கேட்டேன். சட்டத்தரணி விரலை மடக்கி எண்ணவேயில்லை. இரண்டு வருடம் 2011இல் முடிந்துவிட்டது. அந்த 2011இல் நாங்கள் தகரக் கொட்டிலில் மழைத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்துக் கடதாசி ஒன்றும் எங்களிடம் இல்லை.

அடுத்தது பத்திரம். விடுதியில் கட்டிலோடு தொங்கும் குறிப்புக் கட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நோயாளிக்கு என்ன செய்யப்பட்டது என்பதெல்லாம் அதிலேதான் இருக்கிறது. வாயால் கேட்டபோது "தர ஏலாது" என்றார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு வைத்தியசாலைக்கும் தமிழிலேயே விண்ணப்பம் எழுதினேன். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதன் பிறகு கொழும்பில் ஆணைக்குழுவும் உண்டு. இரண்டாவது வைத்தியசாலை 11 பக்கம் தந்தது. முதலாவது இழுத்தடித்து, மேன்முறையீட்டுக்குப் பிறகு தந்தது.

எல்லாம் ஆங்கிலம். சட்டத்தரணி வாசித்துச் சொன்னார். இரண்டாவது சத்திரசிகிச்சையைச் செய்தவர் துணி எடுத்ததை ஒரு வரியில் எழுதியிருந்தார். முதலாவது வைத்தியசாலையின் காய்ச்சல் குறிப்பில், அக்கா குளிரில் நடுங்கிய அந்த இரவும் மறுநாளும் ஒன்றும் எழுதப்படாமல் வெறுமையாக இருந்தன. நான் அந்த வெறும் கட்டங்களைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காத்திருந்த நாட்களில் ஒருமுறை அந்தச் சட்டத்தரணி ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் இராணுவ வைத்தியசாலையில் வயிற்றுச் சத்திரசிகிச்சை செய்த சிப்பாய் ஒருவருக்கு, எட்டு மாதத்தின் பின் வேறு இடத்தில் திறந்தபோது உள்ளே ஒரு துவாயே இருந்ததாம். 30 அங்குல நீளம், 18 அங்குல அகலம், இராணுவ மருத்துவப் பிரிவின் பெயரும் அதிலே பொறித்திருந்தது. அவர் வழக்குப் போட்டார். 1950இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சேவையோடு தொடர்பாக வரும் காயத்துக்குச் சிப்பாய் அரசின்மேல் வழக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டது. 2019 டிசெம்பரில்தான் பாதுகாப்புத் திணைக்களத்திடம் நட்டஈடு கேட்க வழி திறந்தார்கள். அதுவும் நீதிமன்றத்தில் அல்ல. அதே வைத்தியசாலையில் சிப்பாயின் மனைவிக்குப் பிழை நடந்தால் அவள் வழக்குப் போடலாம். கதையைக் கேட்ட அக்கா, "துவாயா?" என்று சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் சிரித்ததை நான் கண்டது அன்றுதான்.

நமது நாட்டில் 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, தன் ஊழியரின் கவனயீனத்துக்கு அரசே பதில் சொல்ல வேண்டும். இரண்டு தாதியருக்கு அத்தனை நோயாளிகளைக் கொடுத்தது யார் என்ற கேள்வி அந்தத் தாதியரிடம் போய் நிற்கக்கூடாது என்று நினைக்கிற எனக்கு, அது சரியாகவே படுகிறது.

ஆனாலும் வெல்வது இலகு அல்ல. 2001இல் உயர் நீதிமன்றம் தீர்த்த பேராசிரியர் பிரியாணி சொய்சா வழக்கைச் சட்டத்தரணிகள் எல்லோரும் சொல்கிறார்கள். இறந்த குழந்தையின் தகப்பனுக்கு மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் கொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை லட்சமாக்கியது. உயர் நீதிமன்றம் கவனயீனம் இருந்தது என்று ஏற்றும், அதனால்தான் மரணம் வந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அதையும் நீக்கியது. பிழை நடந்தது என்பது ஒன்று, அந்தப் பிழையால்தான் இந்தக் கேடு வந்தது என்பது இன்னொன்று. இரண்டையும் நாங்கள்தான் காட்ட வேண்டும். பிள்ளையை இழந்த துயரத்துக்கு அந்நாளில் சட்டம் விலை மதிக்கவும் இல்லை. மரணத்துக்கான நட்டஈடு பற்றிய 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம்தான், நெருங்கிய உறவினர் இழந்த அன்பையும் அரவணைப்பையும் கணக்கில் எடுத்தது. அக்கா உயிரோடு இருப்பதால் தன் நோவுக்கும் உழைப்பு இழப்புக்கும் தானே கேட்கலாம்.

இலங்கை மருத்துவ சபைக்குச் சத்தியக்கடதாசியுடன் முறைப்பாடு அனுப்பும் வழியும் உண்டு. ஆனால் அது வைத்தியரின் பதிவைப் பற்றியது, நமக்கு ஒரு சதமும் வராது. நாங்கள் அனுப்பவில்லை. யார் அந்தத் துணியை எண்ணாமல் விட்டார் என்பது எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது.

பெரிய தடை சாட்சி. ஒரு வைத்தியரின் பிழையை இன்னொரு வைத்தியர் வந்து சொல்ல வேண்டும். நான் ஐந்து பேரிடம் கேட்டேன். நால்வர் அன்பாக மறுத்தார்கள். ஒருவர் தேநீர் தந்து மறுத்தார். கடைசியில், துணியை எடுத்தவர் எழுதிய அந்த ஒரு வரியை வைத்து, அவரையே நீதிமன்றம் அழைக்கும்படி கேட்போம் என்று சட்டத்தரணி முடிவெடுத்தார். வயிற்றுக்குள் துணி தானாகப் போகாது என்பதைச் சொல்ல நிபுணர் தேவையா என்று நான் கேட்டேன். "அதைத்தான் நாங்களும் வாதாடப் போறம்" என்றார்.

2021 ஜனவரியில், கெடு முடிய ஒரு மாதத்துக்குள், வழக்குப் பதிவானது. அதற்குப் பிறகு எத்தனை தவணை என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். எழுதுவினைஞர் இல்லை, நீதிபதி மாற்றம், மற்றத் தரப்பு ஆயத்தமில்லை.

அக்கா மட்டும் எண்ணுகிறாள். பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் ஒவ்வொரு தவணைத் திகதியையும் எழுதி வைத்திருக்கிறாள். அதே கொப்பியின் முன்பக்கத்தில் என்றைக்குக் காய்ச்சல், என்றைக்கு மருந்து கட்டினது, யார் வந்து பார்த்தார் என்றும் இருக்கிறது. அதை இரண்டாவது வைத்தியசாலையில் நாங்களே எழுதத் தொடங்கினோம். போன தவணைக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை என்று கேள்விப்பட்டு, கடையில் 40 பக்கக் கொப்பி ஒன்றும் பேனையும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.